நனைந்த நுணுக்குக்காட்டியின் மின்தொடுமுனைகளைக் காப்பாற்றுவது எப்படி?

நுணுக்குக்காட்டி ஒன்று நனைந்துவிட்டது என்று தெரிந்தவுடன் பெரும்பாலானோரின் கை நேராக ஆளிக்குத்தான் போகிறது. விளக்கு எரிந்தால் பயமில்லை என்று நினைக்கிறோம். ஆனால் பல வேளைகளில் கருவியைக் கெடுப்பது அந்த ஒரு சோதனைதான். மின்னோட்டம் இல்லாத வேளையில் ஈரம் உலோகத்தை மெதுவாகவே அரிக்கும். அதற்கு நாட்கள் எடுக்கும், அந்த நாட்களுக்குள் நாம் கழற்றித் துடைத்து உலர்த்திவிடலாம். ஈரத்தோடு மின்னும் சேர்ந்துவிட்டால், குறிப்பாக எல்.ஈ.டி. விளக்குக்கும் பற்றரிக்கும் உரிய நேரோட்டச் சுற்றுகளில், நேர்முனையில் உள்ள உலோகம் கரைந்து வெளியேறத் தொடங்குகிறது. நாட்கணக்கில் நடக்க வேண்டிய கேடு அப்போது நிமிடக்கணக்கில் நடந்து முடிகிறது. ஆகவே, கழற்றி, கழுவி, உலர்த்தி, அளந்து பார்த்து முடியும் வரை மின் கொடுக்கக் கூடாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாடசாலை ஆய்வுகூடத்துக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற ஆசிரியர்களையும் உதவியாளர்களையும், சிறிய வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் வேலை பழகுவோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இலங்கையின் மலையகத்துப் பாடசாலை ஒன்றில் ஒரு நுணுக்குக்காட்டி பழுதானால், அதற்குப் பதில் இன்னொன்று வரும் வரை எத்தனை மாணவர்கள் கலத்தைப் படத்தில் மட்டும் பார்த்துப் பரீட்சைக்குப் போவார்கள் என்பதை நாம் அறிவோம். பழுதின் காரணம் பெரும்பாலும் சில தொடுமுனைகளில், அதாவது ஓர் உலோகத்திலிருந்து இன்னோர் உலோகத்துக்கு மின் கடக்கும் இடங்களில், படிந்த பச்சைப் பூச்சு மட்டுமே என்பதுதான் மனத்தை வருத்துகிறது.

ஈரம் எங்கிருந்து வருகிறது

தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை வைகாசியில் தொடங்கினால் புரட்டாதி வரை மேற்குச் சரிவுகளை விடுவதில்லை. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. தகரக் கூரையின் ஆணித்துவாரம் வழியாக ஒழுகும் நீரும், சாளர இடுக்கால் அடிக்கும் சாரலும் கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள். அவற்றைக் கண்டவுடன் நாம் மேசையை நகர்த்திவிடுகிறோம்.

கண்ணுக்குத் தெரியாமல் வரும் ஈரம்தான் அதிகம் கெடுக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கு ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கிறது. இரவு முழுவதும் களஞ்சிய அறையில் குளிர்ந்துபோன கனத்த இரும்புடலைக் காலையில் எடுத்து, முப்பது நாற்பது பிள்ளைகள் மூச்சுவிடும், சாளரங்கள் மூடிய வகுப்பறையில் வைத்தால், அறைக் காற்றிலுள்ள நீராவி அந்தக் குளிர்ந்த உலோகத்தின்மீது பனியாக இறங்குகிறது. வெளியே தெரிவதை நாம் துடைத்துவிடுகிறோம். அடித்தளத்துக்குள் இறங்கியது அங்கேயே கிடக்கிறது. கருவியை அதன் உறையோடு கொண்டுவந்து, உடல் அறை வெப்பநிலைக்கு வரும் வரை உறையைக் கழற்றாமல் வைத்திருப்பது இதற்குப் போதுமான பாதுகாப்பு. ஆனால் அதே பிளாஸ்திக் உறையை ஈரமான கருவியின்மேல் போட்டு மூடிவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் போய்விடும்.

மூன்றாவது வழி நம் பரிசோதனைகளே. உயர்தர உயிரியல் மாணவர்கள் ரியோ இலையின் மேற்றோலைச் சுக்குரோசுக் கரைசலில் இட்டு முதலுருச் சுருக்கத்தைப் பார்க்கும்போது, மேடையில் வழியும் ஒரு துளி கருவியின் புயம் வழியாக இறங்கி, விளக்கு இருக்கும் அடித்தளத்தை அடைகிறது. அயடீன் கரைசலும் உப்புக் கரைசலும் அப்படித்தான். இவை உலர்ந்த பிறகும் படிவை விட்டுச் செல்கின்றன. அந்தப் படிவு ஒவ்வொரு ஈரமான நாளிலும் காற்றிலிருந்து நீரை இழுத்து அரிப்பைத் தொடர்கிறது. ஐதரோக்குளோரிக்கு அமிலப் போத்தல் இருக்கும் அலுமாரியில் நுணுக்குக்காட்டியை வைக்கவே வேண்டாம். ஒரு துளிகூடச் சிந்தாமல், ஆவியாலேயே தொடுமுனைகள் கறுத்துப்போகும்.

முதல் ஒரு மணி நேரம்

சுவரில் உள்ள ஆளியை நிறுத்திவிட்டுச் செருகியைக் கழற்றுங்கள். தரையோ குதையோ நனைந்திருந்தால் அதைத் தொடாமல் பிரதான ஆளியை நிறுத்துங்கள். நம் நாட்டு மின்வழங்கல் 230 வோல்ற்று. ஈரக்கையோடு அதன் அருகே போகக் கூடாது. ட்ரிப் சுவிச் தானாக விழுந்திருந்தால் அதை மீண்டும் மேலே தள்ளிப் பார்க்க வேண்டாம். கருவிக்குள் மின் கசிந்திருக்கிறது என்று அது உங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

கருவியை நிமிர்ந்த நிலையிலேயே வைத்திருங்கள். தண்ணீரை வடிக்கிறேன் என்று தலைகீழாகப் பிடித்தால் அடித்தளத்தில் நிற்கும் அழுக்கு நீர் ஒளியொடுக்கிக்கும் வில்லைகளுக்கும் போய்ச் சேரும். முதலில் பார்வைத்துண்டையும் பொருளிகளையும் கழற்றி, வில்லைத்தாளில் சுற்றி, உலர்ந்த டப்பாவில் தனியே வைத்துவிடுங்கள். மின்குமிழ் ஆறிய பிறகே அதைக் கழற்ற வேண்டும். ஹலோஜன் குமிழின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது, விரலின் எண்ணெய் பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடாகிக் குமிழின் ஆயுளைக் குறைத்துவிடும்.

அடித்தளத்தைத் திறப்பதற்கு முன் உங்கள் கருவி எந்த வகை என்று பாருங்கள். சுவரில் மாட்டும் சிறிய அடப்டர் மூலம் இயங்கும் எல்.ஈ.டி. வகையாக இருந்தால் 230 வோல்ற்று கருவிக்குள் வருவதே இல்லை. அடப்டரைக் கழற்றிவிட்டால் புதியவர் ஒருவர் தைரியமாகத் திறக்கலாம். மின்வடம் நேரே அடித்தளத்துக்குள் போனால், உள்ளே நிலைமாற்றியோ மின்வழங்கிச் சுற்றுப்பலகையோ இருக்கும். சுற்றுப்பலகையில் உள்ள பெரிய கொள்ளளவியில், செருகியைக் கழற்றிய பிறகும் 325 வோல்ற்று வரை தேங்கி நிற்கக்கூடும். அந்த வகையில் குமிழ்தாங்கி, உருகிக் கூடு ஆகிய இரண்டோடு நிறுத்திக்கொண்டு, எஞ்சியதைத் தகுதிபெற்ற மின்னியலாளர் ஒருவரிடம் கொடுப்பதே சரி. துணிச்சல் காட்டுவதற்குரிய இடம் அதுவல்ல.

திறந்தவுடன், எதையும் தொடுவதற்கு முன், கைத்தொலைபேசியால் ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறது என்று தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் திருகாணிகளை வெள்ளைத் தாளில், கழற்றிய இடத்தின் பெயரை எழுதி, அதன்மேல் வையுங்கள்.

எந்தத் தண்ணீர் என்று கண்டுபிடியுங்கள்

சுத்தம் செய்யும் முறை இதைப் பொறுத்தே அமைகிறது. வெறும் பனி ஈரமோ சுத்தமான மழைநீரோ என்றால் துடைத்து உலர்த்துவதே போதும். சேற்று நீர், உப்பு, சீனி, சாயம் என்றால் அந்தப் படிவை முதலில் நீராலேயே கரைத்து அகற்ற வேண்டும். அற்ககோல் உப்பையும் சீனியையும் கரைப்பதில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்ததைப் போன்ற வெள்ளத்தில் அடித்தளம் முழுவதும் சேற்றில் அமிழ்ந்த கருவி என்றால், தொடுமுனைகளை மட்டும் துடைத்து மீட்க முடியாது. நிலைமாற்றியும் மின்வழங்கியும் மாற்றப்பட வேண்டியவை. ஆனாலும் உடற்பகுதியும் இயங்கு பொறிகளும் வில்லைகளும் பெரும்பாலும் தப்பும். அதை உடனே கழிவுப் பொருட்களோடு சேர்த்துவிட வேண்டாம்.

கழுவுவதற்கு வாகனப் பற்றரிக்கு ஊற்றும் வடிநீர் போதும். கடையில் அதே அளவுப் போத்தலில் பற்றரி அமிலமும் விற்கப்படும் என்பதால் சீட்டை வாசித்து வாங்குங்கள். மென்மையான பல் துலக்கும் தூரிகை ஒன்றை வடிநீரில் தோய்த்து, கழற்றிய தொடுமுனைகளை மட்டும் தேய்த்துக் கழுவுங்கள். நிலைமாற்றியின்மேல் நீர் படக் கூடாது. அதன்பின் 90 வீதத்துக்குக் குறையாத ஐசோபுரொப்பைல் அற்ககோலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு மீண்டும் துடைத்தால், ஒட்டியிருக்கும் நீரையும் அது தன்னோடு கொண்டு போய்விடும். மருந்துக்கடையில் எளிதில் கிடைக்கும் 70 வீத வகையில் மூன்றில் ஒரு பங்களவு நீரே இருக்கிறது. அதை முதற் துடைப்புக்கு வைத்துக்கொள்ளலாம், கடைசித் துடைப்புக்கு வேண்டாம். அற்ககோல் எளிதில் தீப்பற்றும். சாளரத்தைத் திறந்து வையுங்கள், பன்சன் சுடரடுப்பு எரியும் மேசையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

குமிழ்தாங்கி

தொடுமுனைகள் இருக்கும் இடங்கள் பல: மின்வடம் வந்து சேரும் குதை, உருகிக் கூடு, ஆளி, ஒளிச்செறிவைக் கூட்டிக் குறைக்கும் மாறுந்தடை, குமிழ்தாங்கி. இவற்றுள் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைக் குமிழ்தாங்கிக்குக் கொடுங்கள்.

“சேர், பல்பு மங்கிக்கிட்டே வருது” என்று ஒரு பிள்ளை சொன்னால், நாம் புதுக் குமிழ் வாங்கிப் போடுகிறோம். இரண்டு கிழமையில் அதுவும் மங்குகிறது. குமிழில் குற்றமில்லை. 6 வோல்ற்று, 20 வாற்று ஹலோஜன் குமிழ் ஒன்று ஏறத்தாழ 3.3 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது. எரியும்போது அதன் தடை 1.8 ஓம் மட்டுமே. தொடுமுனையில் படிந்த ஒட்சைட்டால் வெறும் 0.3 ஓம் கூடினாலே, குமிழுக்குப் போக வேண்டிய 6 வோல்ற்றில் ஏறத்தாழ ஒரு வோல்ற்று அங்கேயே விழுந்துவிடுகிறது. இழந்த அந்த வலு, இரண்டரை வாற்று அளவில், ஊசிமுனை அளவுள்ள ஓர் இடத்தில் வெப்பமாக வெளிப்படுகிறது. வெப்பம் ஒட்சைட்டை வளர்க்கிறது, ஒட்சைட்டு தடையைக் கூட்டுகிறது, தடை மீண்டும் வெப்பத்தைக் கூட்டுகிறது. கடைசியில் தாங்கியின் வில்தகடு தன் இறுக்கத்தை இழந்து தளர்ந்துவிடும். ஆகவே வெளிச்சம் மங்கினால் குமிழை மாற்றும் முன் தாங்கியைப் பாருங்கள்.

பார்ப்பதற்கு ஒரு கைவில்லையும் நல்ல வெளிச்சமும் தேவை. குமிழின் இரண்டு ஊசிகளும் செருகப்படும் துவாரங்களுக்குள் சரிவாக ஒளியைப் பாய்ச்சுங்கள். நல்ல தொடுமுனை மங்கலான வெள்ளி நிறத்தில், சீராகத் தெரியும். வெண்ணிறத் தூள் இருந்தால் துத்தநாகமோ வெள்ளீயமோ அரிக்கப்பட்டிருக்கிறது. பச்சையோ நீலப்பச்சையோ இருந்தால் மேற்பூச்சைத் தாண்டிச் செம்போ பித்தளையோ வெளிப்பட்டுவிட்டது. கறுத்து, குழிவிழுந்து, பக்கத்திலுள்ள பீங்கானில் பழுப்பு வளையம் இருந்தால் அது வெப்பத்தால் வெந்த தாங்கி. முதல் இரண்டையும் சுத்தம் செய்யலாம். மூன்றாவதை மாற்றியே ஆக வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் தளர்ந்த வில் இறுகாது, அதில் போடும் புதுக் குமிழின் ஊசிகளையும் அது எரித்துவிடும். தாங்கியின் விலை குமிழின் விலையோடு ஒப்பிடத்தக்கதுதான் என்பதால் அதில் சிக்கனம் பார்ப்பதில் பொருளில்லை.

பச்சைப் படிவுக்கு வெள்ளை வினாகிரி நல்லது. பஞ்சுக் குச்சியின் நுனியை அதில் தொட்டு, பிழிந்து, படிவின்மேல் ஓரிரு நிமிடம் வைத்துத் தேய்த்தால் பச்சை கரைந்து பஞ்சில் ஏறும். உடனே வடிநீரால் இருமுறை துடைத்து, அற்ககோலால் முடியுங்கள். வினாகிரி அங்கேயே தங்கினால் அதுவே அடுத்த அரிப்புக்குக் காரணமாகும். மெல்லிய கறுப்புப் பூச்சை மாணவர் பயன்படுத்தும் கெட்டியான அழிறப்பரைச் சிறு ஆப்பாக வெட்டித் தேய்த்தே எடுக்கலாம். அரத்தாள் பயன்படுத்த வேண்டி வந்தால் மிக மென்மையான வகையை எடுத்து இரண்டொரு முறை மட்டும் தேய்க்கவும். பொன்முலாம் பூசிய சிறு தொடுமுனைகளில் அதைத் தொடவே வேண்டாம், முலாம் போனால் அடியிலுள்ள உலோகம் விரைவில் அரிக்கும். இரும்புத் தும்பு கூடாது. அதன் இழை ஒன்று உள்ளே தங்கினாலும் குறுஞ்சுற்று உண்டாகும்.

மீள மின்னேற்றும் பற்றரி உள்ள வகையில், பற்றரிப் பெட்டியின் வில்சுருளில் வெண்மையான கரடுமுரடான படிவு இருந்தால் அது பற்றரியிலிருந்து கசிந்த காரம். கையுறை அணிந்து, வினாகிரியால் நடுநிலையாக்கி, வடிநீரால் கழுவுங்கள். இலிதியம் பற்றரி நனைந்திருந்தால் அதை உலர்த்தி மின்னேற்றிப் பார்க்க வேண்டாம். அது தீப்பிடிக்கக்கூடிய பொருள், கழற்றிக் கட்டடத்துக்கு வெளியே வைத்துப் புதியது வாங்குங்கள்.

ஆளியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூடிய ஆளிக்குள் நீர் போனால் அதைச் சுத்தம் செய்ய முயல்வதைவிட, அதே வோல்ற்றும் அம்பியரும் குறிக்கப்பட்ட புதியதைப் போடுவது மலிவானது. உருகியும் அப்படித்தான்; கூட்டின் இரு முனைகளையும் துடைத்து, அதே அளவுள்ள உருகியை மட்டும் இடுங்கள், கம்பி சுற்றுவதை எந்நாளும் செய்யாதீர்கள். மாறுந்தடையைத் திருப்பும்போது வெளிச்சம் துள்ளினால், எண்ணெய் விடாத தொடுமுனைச் சுத்திகரிப்புத் தெளிப்பானை அதன் இடுக்கில் சிறிதளவு செலுத்தி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பலமுறை திருப்புங்கள். துருவைத் தளர்த்தும் எண்ணெய்த் தெளிப்பான்களை இங்கு கொண்டுவர வேண்டாம். அவற்றின் நுண்துளிகள் வில்லைகளில் படிந்தால் துடைத்தெடுப்பது பெரும்பாடு.

உலர்த்துதல்

கொழும்பில் ஒரு நாளில் உலர்வது, ஆடி மாதத்து நானுஓயாவில் ஒரு நாளில் உலராது. காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது திறந்து வைப்பதால் பயனில்லை. பெரிய அட்டைப்பெட்டி ஒன்றின் மேற்பக்கத்தில் சில துவாரங்கள் இட்டு, உள்ளே ஒரு மூலையில் 25 அல்லது 40 வாற்று இழைக்குமிழ் ஒன்றை அட்டையில் படாதபடி பொருத்தி, மறுமூலையில் திறந்த அடித்தளத்தை வையுங்கள். கை வைத்தால் இதமான சூடு தெரிய வேண்டும், சுடக் கூடாது. ஆள் இருக்கும் பகல் வேளையில் மட்டும் இதை எரியவிட்டு, இரவில் குமிழை அணைத்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டிக்கு மாற்றுங்கள். குறைந்தது இரண்டு முழு நாட்கள், மழைக்காலத்தில் மூன்று நான்கு நாட்கள். வில்லைகள் இந்தப் பெட்டிக்குள் வரவே கூடாது, அவற்றை ஒட்டியிருக்கும் பசை வெப்பத்தைத் தாங்காது.

அடுப்படியில் வைத்து உலர்த்தும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. விறகடுப்பின் புகையும் கரியும் தொடுமுனைகளில் புதிய படிவாகும் என்பதால் அது வேண்டாம். அரிசிக்குள் புதைப்பதும் அவ்வாறே. அரிசி இழுக்கும் ஈரம் மிகக் குறைவு, அதன் மாத்தூள் இடுக்குகளில் ஒட்டிக்கொள்ளும்.

மின் கொடுப்பதற்கு முன் அளவீடுகள்

பல்மானியை ஓம் அளவுக்கு வைத்து, அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அது வடங்களின் தடை. பிறகு தாங்கியின் கம்பி முனையிலிருந்து, செருகப்பட்ட குமிழின் ஊசி வரை அளந்தால், அந்த எண்ணுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் கூடக் கூடாது. அளக்கும்போதே குமிழை இலேசாக அசையுங்கள். எண் தாவினால் தொடுமுனை இன்னும் சரியாகவில்லை.

மூன்று ஊசிச் செருகியுள்ள கருவியில், செருகியின் புவித்தொடுப்பு ஊசிக்கும் பூச்சு இல்லாத ஓர் உலோகத் திருகாணிக்கும் இடையே அளந்து பாருங்கள். வடங்களின் தடையைக் கழித்தால் அரை ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். புவித்தொடுப்பு அறுந்த கருவியைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கக் கூடாது. அடுத்து, மின்னியலாளரின் மெகர் கருவியால் 500 வோல்ற்றில் காவல் தடையை, அதாவது மின் கம்பியிலிருந்து உடலுக்குக் கசியாமல் தடுக்கும் தடையை, அளக்கச் சொல்லுங்கள். உயிர்க் கம்பியையும் நொதுமல் கம்பியையும் ஒன்றாக இணைத்து, புவித்தொடுப்புக்கு எதிராக அளக்கும்போது 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. உலர்த்தும் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். சாதாரணப் பல்மானி சில வோல்ற்றிலேயே அளப்பதால் அது நல்லது என்று காட்டினாலும் இந்தச் சோதனைக்கு ஈடாகாது.

எல்லாம் சரியாக இருந்தால், ட்ரிப் சுவிச் உள்ள சுற்றில் செருகி, ஒளிச்செறிவைக் குறைந்த நிலையில் வைத்து ஆளியைப் போடுங்கள். பத்து நிமிடம் அருகிலேயே இருங்கள். கருகும் வாசனை, இரைச்சல், துடிக்கும் வெளிச்சம் எதுவும் இல்லையென்றால் மெதுவாகக் கூட்டுங்கள். அரை மணி நேரம் கழித்து அணைத்து, செருகியைக் கழற்றி, ஆறவிட்டுத் தாங்கியை மீண்டும் கைவில்லையால் பாருங்கள்.

இனி வைக்கும் இடத்தைச் சரிசெய்யுங்கள். வெளிச்சுவரில் சாயாத, தரையிலிருந்து உயர்ந்த அலுமாரி ஒன்றில், காற்றோட்டத் துவாரங்களோடு, கீழ்த்தட்டில் 15 வாற்று இழைக்குமிழ் ஒன்றை எரியவிட்டால் உள்ளே வெப்பநிலை வெளியைவிடச் சில பாகை உயர்ந்து, பனி இறங்குவது நின்றுவிடும். வில்லைகளில் பூஞ்சணம் பிடிப்பதும் குறையும். எல்.ஈ.டி. குமிழ் இதற்கு உதவாது, அது தரும் வெப்பம் போதாது. மின்வெட்டு அடிக்கடி வரும் இடமென்றால் மூடிய பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறியவுடன் அந்த மணிகளைச் சூட்டடுப்பில் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸில் சில மணி நேரம் வைத்தால் மீண்டும் பயன்படும்.

ஒரு மாதம் கழித்து, கருவி நன்றாக எரிந்துகொண்டிருந்தாலும், தாங்கியை ஒருமுறை திறந்து பாருங்கள். துவாரத்தின் ஓரத்தில் பச்சை மீண்டும் அரும்பியிருந்தால், உப்போ சீனியோ இன்னும் உள்ளே இருக்கிறது. வினாகிரியால் தொடங்க வேண்டியதில்லை, வடிநீர்க் கழுவலிலிருந்து மறுபடி செய்யுங்கள்.